மோலா என்றால் சட்டை

குனா மொழியில் மோலா என்றால் சட்டை. உடுப்பு. அதற்குமேல் அந்தச் சொல்லில் பூடகம் ஒன்றும் கிடையாது. ஆனால் இன்றைக்கு உலகத்து அருங்காட்சியகங்களில் மோலா என்று கண்ணாடிக்குள் மாட்டி வைத்திருப்பதில் பெரும்பாலானவை முழுச் சட்டை அல்ல. சட்டையிலிருந்து பிரித்தெடுத்த முன்பக்கத் துண்டு, அல்லது பின்பக்கத் துண்டு. கை இல்லை, தோள் இல்லை, கழுத்து இல்லை. போட்டிருந்த பெண்ணும் இல்லை. அவளை நீக்கிய பிறகுதான் அது கலை என்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. பறையை மேடையில் ஏற்றிவிட்டு, அடிப்பவனைத் தெருவிலேயே நிறுத்துகிற ஊரிலிருந்து போனவன் நான். எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை.

குனாக்கள் பனாமா நாட்டின் கரீபியன் கடலோரத்துப் பூர்வகுடிகள். கொலம்பியாவிலும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். தங்களைத் துலே என்று சொல்லிக்கொள்வார்கள். மனிதர் என்று பொருள். கரையை ஒட்டி 300க்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் தீவுகள். அதில் சிலவற்றில்தான் ஆள் குடியிருப்பு, அதுவும் நெருக்கியடித்துக்கொண்டு. அந்தப் பிரதேசம் முன்பு சான் பிளாஸ், இப்போது குனா யாலா. 2011இல் அவர்கள் பெயரின் முதல் எழுத்தையே மாற்றினார்கள். வல்லோசைக் ககரம் எங்கள் மொழியில் கிடையாது, வெளியார் எழுதிவைத்தது அது, இனிமேல் மெல்லோசையில்தான் எழுதவேண்டும் என்று அரசை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் நமக்கு இந்த வம்பு இல்லை.

நான் 14 வருடம் சரக்குக் கப்பலில் ஃபிட்டராக இருந்தவன். இன்ஜின் ரூம்தான் ஊர், உலகம் எல்லாம். பனாமா கால்வாயைப் பலமுறை தாண்டியிருக்கிறேன், கீழே இரைச்சலுக்குள் இருந்தபடியே. 2012இல் கப்பலில் கோளாறு வந்து பல்போவாவில் மூன்று வாரம் பழுதுக்கு நிறுத்தினார்கள். அங்கே வெல்டிங் வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் குனாக்காரர். குள்ளமான, உரமான ஆள். என்னைவிட நன்றாக இங்கிலீஷ் பேசினார். அவருடைய அப்பா கால்வாய்ப் பகுதி அமெரிக்க ராணுவ முகாமில் சமையல்கட்டில் வேலை பார்த்தவராம். குனா ஆண்கள் நிறையப் பேர் அந்தக் காலத்தில் அப்படித்தான் முகாம்களுக்கு வேலைக்கு வந்தார்கள். வெள்ளைக்காரன் வீட்டு அடுப்படிதான் நமக்கும் ஒருகாலத்தில் முதல் வெளியேற்றம் இல்லையா. அந்த வகையில் எங்களுக்குள் பேச்சு ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பனாமா நகரத்துக்கு மேற்கே, அர்ராய்ஹான் பக்கம் இருந்த அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

வீடு அவருடையது இல்லை, மாமியாருடையது. குனாக்களிடம் கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கவேண்டும். மாமியார், மனைவி, மனைவியின் தங்கை மூவரும் வாசலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்குத் தலையில் சிவப்பு மஞ்சள் துணி, மூக்கில் தங்க வளையம், நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை ஒரு கறுப்புக் கோடு, முழங்காலுக்குக் கீழே ஆரஞ்சும் மஞ்சளுமாக மணிக்கோவையை இறுக்கிச் சுற்றியிருந்தார். மேலே மோலா. நண்பரோ என்னைப்போலவே டீ சர்ட், ஜீன்ஸ். எனக்கு இது உறுத்தியது. ஒரு சமூகத்தின் அடையாளத்தை எப்போதும் பெண்ணின் உடம்பில்தானா கட்டி வைப்பது? கேட்டேன். அவர் சிரித்துவிட்டு மாமியாரிடம் மொழிபெயர்த்துச் சொன்னார். அந்த அம்மா தைப்பதை நிறுத்தவில்லை. “ஆம்பளைங்க வெளியே போனாங்க, வெளிச்சட்டையைப் போட்டுக்கிட்டாங்க. எங்க சட்டையை நாங்களே தைச்சுக்கிறோம், அதனால போட்டுக்கிறோம்” என்றாராம். அந்த அம்மாவின் பேத்தி, பள்ளிக்கூடத்துப் பெண், உள்ளே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தது. அவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. விசேஷத்துக்கு மோலா, மற்ற நாளைக்கு ஜீன்ஸ். சண்டை இல்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்திலே உட்கார்ந்து பார்த்தேன். இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேலான பருத்தித் துணிகளை, வேறுவேறு நிறத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நூலோட்டம் போட்டு நிறுத்துகிறார்கள். மேல் துணியில் உருவத்தை வரைந்துகொண்டு, சின்னக் கத்தரியால் மேல் துணியை மட்டும் கீறுகிறார்கள். கீறிய இடத்தில் அடித்துணியின் நிறம் எட்டிப்பார்க்கும். கீறின ஓரத்தை ஊசி முனையால் உள்ளே மடித்துத் தள்ளி, கண்ணுக்குத் தெரியாத தையலாக எம்மிங் செய்துகொண்டே போகவேண்டும். மறுபடி ஒரு கீறல், மறுபடி மடிப்பு. நாம் ஒட்டுப்போடுவது துணிக்கு மேலே துணி. இவர்கள் மேலே இருப்பதை வெட்டிக் கீழே இருப்பதைக் காட்டுகிறார்கள். நிறம் தேவைப்படுகிற இடத்தில் சின்னத் துண்டுகளை நடுவில் செருகிக்கொள்வதும் உண்டு. மேலே ஒட்டித் தைப்பதும், எம்பிராய்டரி போடுவதும் உண்டு. காலியிடம் விடுவது அவர்களுக்குப் பிடிக்காது. உருவத்தைச் சுற்றியுள்ள இடமெல்லாம் பொடிப்பொடிக் கீற்றாக நிரப்பிவிடுவார்கள். ஒரு துண்டு ஒரு முழ அகலம்கூட வராது. அதற்கு வாரக்கணக்கில், நுணுக்கமானதாக இருந்தால் மாதக்கணக்கில் ஆகும். ஒரு சட்டைக்கு இரண்டு துண்டு, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. இரண்டும் ஜோடி. ஆனால் அச்சாக ஒன்றுபோல இருக்காது. முன்னால் ஒரு பறவை தலை திருப்பியிருந்தால் பின்னால் நேரே பார்க்கும், அந்த மாதிரி.

இதை “தொன்மையான பாரம்பரியம்” என்று கடைக்காரர்கள் அட்டையில் எழுதி வைக்கிறார்கள். உண்மையில் மோலா அவ்வளவு பழையது அல்ல. 1681இல் குனாக்களோடு சில மாதம் தங்கிய லயனல் வேஃபர் என்ற கப்பல் வைத்தியன், அவர்கள் உடம்பில் பறவை, விலங்கு, மரம், மனிதர் என்று வண்ணத்தால் வரைந்துகொள்வதைத்தான் எழுதி வைத்திருக்கிறான். வரைபவர்கள் பெண்கள். பிறகு வியாபாரக் கப்பல்கள் துணி கொண்டுவந்தன, கத்தரி கொண்டுவந்தன, ஊசி கொண்டுவந்தன. உடம்பில் இருந்த கோலம் துணிக்கு ஏறியது. இப்போது நாம் பார்க்கிற வெட்டித் தைக்கும் மோலா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது என்கிறார்கள். துணி ஆலைத்துணி, ஊசி வெளிநாட்டு ஊசி. மூலப்பொருள் எல்லாமே விலைக்கு வாங்கியது. கை மட்டும் அவர்களுடையது. நம்மில் சிலர் எது நம்முடையது என்பதற்கு ஆயிரம் வருடச் சான்றுக்கு அலைகிறோம். இந்தப் பெண்கள் இரண்டு மூன்று தலைமுறையே ஆன ஒரு சட்டைக்காக யுத்தம் நடந்த இனத்துக்காரர்கள்.

யுத்தம் என்று சும்மா சொல்லவில்லை. பனாமா 1903இல் தனிநாடானது. 1915இல் பெலிசாரியோ போர்ராஸ் ஆட்சி குனாக் கடலோரத்தில் நிர்வாகத்தை நிறுவியது. போலீஸ் வந்தது. காட்டுமிராண்டிகளை நாகரிகப்படுத்துவது என்று திட்டம். நாகரிகம் எங்கே ஆரம்பிக்கும்? பெண்ணின் உடம்பில்தான். மூக்கு வளையத்தைக் கழற்று. காலில் சுற்றிய மணியை அறு. மோலாவைக் கழற்றிவிட்டு கவுன் போடு. ராத்திரியில் போலீஸ் நடத்துகிற நடனத்துக்கு வா. நர்கனா போன்ற சில தீவுகளில் இது நடந்தேறியது. அங்கே பெண்கள் அந்த உடுப்பையே விட்டார்கள். மற்ற தீவுகளில் ஆத்திரம் சேர்ந்துகொண்டே போனது. ஆய்லிகந்தியின் சிமரால் கோல்மன், உஸ்துப்புவின் நெலே கந்துலே ஆகிய இரு தலைவர்கள் திட்டம் போட்டார்கள். 1925 பிப்ரவரி, கார்னிவல் சமயம். போலீஸ்காரர்கள் குடித்து ஆடிக்கொண்டிருந்தபோது தீவு தீவாகத் தாக்கினார்கள். காவலர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். துலே குடியரசு என்று அறிவிப்பும் வந்தது. கடைசியில் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் போர்க்கப்பல் நடுவில் வந்து நிற்க, மார்ச் 4ஆம் தேதி உடன்படிக்கை. ஆயுதத்தைக் கீழே போட்டு பனாமாவின் ஆட்சியை ஒப்புக்கொள்வது. பதிலுக்கு எங்கள் வழக்கத்தில் கைவைக்காதே. 1938இல் தனிப் பிரதேசம், 1953இல் அதற்கான சட்டம். அந்தப் புரட்சிக்கு 2025 பிப்ரவரியில் நூறு வயது ஆனது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தீவுகளில் அதை நடித்துக் காட்டுகிறார்கள், போலீஸ் வேடம், அடிதடி எல்லாம் உண்டு.

இதில் நான் விழுங்க முடியாத ஒன்றும் உண்டு. அந்தக் கலகத்தில் குனாப் பெண்களுக்கும் வெளியாருக்கும் பிறந்த குழந்தைகளையும் கொன்றிருக்கிறார்கள். வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. அகமணத்தைப் பற்றி அம்பேத்கரைப் படித்தவர்கள் இதைப் “பண்பாட்டுப் பாதுகாப்பு” என்று தாண்டிப் போகமுடியாது. பெண்ணின் சட்டையைக் காத்தவர்கள் பெண்ணின் வயிற்றையும் காவல் காத்தார்கள். நண்பரிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அதை நாங்க நடிச்சுக் காட்டுறதில்லை” என்றார்.

எங்கள் அப்பத்தாவின் ஞாபகம் எனக்கு அங்கேதான் வந்தது. இராமநாதபுரம் சீமைக்காரி. குனாக்கள் எழுந்து ஐந்து வருடம் கழித்து, 1930 டிசம்பரில், அந்த வட்டாரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடை போட்டார்கள். பொன், வெள்ளி போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் ரவிக்கை, தாவணி என்று மேலுடம்பை மறைக்கக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மீறின சேரிகளில் குடிசை எரிந்தது. அப்பத்தாவுக்கு அப்போது பத்து வயசு இருக்கும். கடைசி வரைக்கும் ரவிக்கை போட்டுப் பழகவில்லை. “அது எதுக்குடா, கசகசன்னு” என்பாள். அது அவளுடைய விருப்பம் என்றே வெகுகாலம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். பனாமாவில் கழற்று என்றார்கள், இங்கே போடாதே என்றார்கள். இரண்டு இடத்திலும் தடியோடு நின்றவனுக்கு அடுத்தவள் உடம்பின்மேல் இருந்த அதிகாரம் ஒன்றுதான்.

மோலாவில் எதைத் தைக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. தாத்தா பாட்டி காலத்து மோலா என்று ஒரு வகை, பெரும்பாலும் கோடும் வளைவுமாக, புதிர்ப்பாதை மாதிரி இருக்கும். அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். பாதாளத்தில் ஓர் இடம் உண்டு, பெண்கள் மட்டும் வாழ்ந்து உருவங்களைச் செய்துகொண்டிருக்கும் இடம். நாகெகிரியாய் என்ற பெண் அங்கே போய்க் கற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாளாம். ஆண் போன கதை இல்லை அது. இன்னொரு பக்கம், கண்ணில் படுவதெல்லாம் மோலாவுக்குள் வரும். கிராமபோன் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய், தீப்பெட்டிப் படம், குத்துச்சண்டை, தேர்தல் போஸ்டர், ஹெலிகாப்டர், கிறிஸ்துமஸ் தாத்தா. எழுத்துப் படிக்கத் தெரியாத பெண்கள் விளம்பர எழுத்தையும் ஓர் உருவமாகவே பார்த்துத் தைத்தார்கள். அதனால் பழைய மோலாக்களில் எழுத்து தலைகீழாக இருக்கும், திரும்பி இருக்கும், நடுவில் ஒன்று காணாமல் போயிருக்கும். சேகரிப்பவர்கள் அதை வெகுளித்தனம் என்று ரசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எழுத்து வைத்திருப்பவனுடைய எழுத்தை எடுத்துத் தனக்கு அழகாக இருக்கிறபடி வெட்டிக்கொண்டவள் எப்படி வெகுளி ஆவாள்?

ஊர்க்கூட்டம் நடக்கிற பெரிய வீட்டில் தலைவர் ஊஞ்சல் தொட்டிலில் படுத்தபடி மூதாதையர் கதைகளைப் பாட்டாகப் பாடுவார். இன்னொருவர் அதற்கு விளக்கம் சொல்வார். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டே மோலா தைப்பார்களாம். கூட்டம் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவேண்டும் என்ற நம்முடைய பழக்கம் எங்கிருந்து வந்ததோ.

தைப்பது பெண்கள் மட்டுமல்ல. குனாக்களிடம் தோல் வெளுத்துப் பிறக்கும் குழந்தைகள் அதிகம். நிலாப்பிள்ளைகள் என்று அவர்களுக்கு மரியாதை உண்டு. வெயில் ஆகாது என்பதால் அந்தப் பையன்கள் மீன்பிடிக்கவோ தோட்டத்துக்கோ போகமுடியாது. பலர் வீட்டில் இருந்து மோலா தைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்களை ஒமேகித் என்பார்கள். அவர்களிலும் பேர்பெற்ற தையல்காரர்கள் இருக்கிறார்கள். யாரும் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை என்று நண்பர் சாதாரணமாகச் சொன்னார். இதைக் கேட்டு நான் ஆச்சரியப்பட்டது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

கிளம்பும்போது ஒரு மோலா வாங்கினேன். 40 டாலர். மாமியார் போட்டிருந்ததைத்தான் முதலில் கேட்டேன், தரமாட்டேன் என்றுவிட்டார். மனைவி தான் போட்டுப் பழகிய ஒரு சட்டையை எடுத்து, என் கண்ணெதிரே தையலைப் பிரித்து, முன்பக்கத்தைக் கொடுத்தார். பின்பக்கம் ஏற்கெனவே ஒரு வெள்ளைக்காரி எடுத்துப்போயிருந்தாள் என்றார்.

ஊருக்கு வந்து அக்காவிடம் காட்டினேன். அக்கா திருப்பூர் பனியன் கம்பெனியில் சிங்கர் டெய்லர். 20 வருட சர்வீஸ். அப்பத்தா காலத்தில் எங்கள் ஆண்களுக்குத் தடை செய்திருந்த அதே பனியனைத்தான் ஊர் உலகத்துக்கெல்லாம் தைத்துக்கொண்டிருக்கிறாள். மோலாவைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. சடாரென்று பின்பக்கம் திருப்பினாள்.

“மிஷினா?”

“கையிலக்கா.”

“பொய் சொல்லாத.” விளக்குக்குக் கீழே கொண்டுபோய் நகத்தால் தையலை வருடினாள். மடிப்பு முனையில், வளைவு திரும்புகிற இடத்தில் எவ்வளவு துணி உள்ளே போயிருக்கிறது என்று ஊசியால் நெம்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ஒரு பிசிறு இல்லடா” என்றாள். செக்கிங் பிரிவில் இருந்தவள் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

“எவ்வளவு நாளாச்சாம்?”

“அஞ்சு வாரம். வீட்டு வேலைக்கு நடுவுல.”

“எவ்வளவு குடுத்த?”

சொன்னேன். மனசுக்குள் பெருக்கிப் பார்த்தாள். அப்போது டாலர் ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. “அஞ்சு வாரத்துக்கு ரெண்டாயிரத்துச் சொச்சமா? எங்க பீஸ் ரேட்டே தேவலையேடா.” கொஞ்சம் விட்டு, “ஆனா சூப்பர்வைசர் தலைமேல நிக்கமாட்டான்ல” என்றாள்.

அவள் கேட்டது கூலிக் கணக்கு. மோலாவைப் பற்றிப் படித்ததில் அந்தக் கணக்கு அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டது. குனாப் பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1960-களிலேயே மோலாவுக்குக் கூட்டுறவு அமைத்தார்கள். பிற நாட்டுப் போலி மோலாக்களை இறக்குமதி செய்வதற்கு எதிராக 1984இல் சட்டம் வந்தது. 2000இல் 20ஆம் எண் சட்டம் பூர்வகுடிகளின் வடிவங்களுக்கு ஒட்டுமொத்த உரிமை கொடுத்தது. உலகத்திலேயே முன்னோடியானது; மோலா அதன்கீழ் பதிவானது. உரிமை தனி ஆளுக்கு இல்லை, மக்களுக்கு. 2019 மே மாதம் நைக்கி நிறுவனம் மோலா வடிவத்தைப் போட்டு ஒரு ஷூ அறிவித்தது. அதற்குப் போர்ட்டோ ரிக்கோ என்று பெயர் வேறு வைத்திருந்தது. குனாத் தலைவர்கள் எதிர்த்தார்கள், நிறுவனம் வெளியிடாமல் வாங்கிக்கொண்டது. நல்ல வெற்றி. ஆனால் எந்தப் பெண்ணும் தன் துணியில் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. எல்லோருடையது என்பதால் கம்பெனிக்காரன் திருட முடியவில்லை. எல்லோருடையது என்பதாலேயே தைத்தவள் பெயரும் அருங்காட்சியக அட்டையில் இல்லை. இந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று அவர்களே பேசிக்கொண்டிருக்கட்டும். நமக்கும் பறையில் இதே முடிச்சு இருக்கிறது. தூக்கிப்போடு என்கிறவர்களும், அதுதான் நம் ஆயுதம் என்கிறவர்களும் முப்பது வருடமாக இதே பக்கங்களில் மோதிக்கொண்டிருக்கிறோம். அடிக்கிறவனுக்கு எவ்வளவு கூலி என்று யாராவது அக்கா மாதிரி முதலில் கேட்டால் நன்றாக இருக்கும்.

ஒரு தோழர் வீட்டுக்கு வந்தவர், இதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டுங்கள் என்றார். அக்கா விடவில்லை. தொங்கவிட்டால் பின்பக்கம் தெரியாது என்றாள். பெட்டியில் துணியோடு துணியாக வைத்திருக்கிறாள். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வேஸ்ட் துணியில் தானும் ஒரு கிளி வெட்டிப் பார்த்தாள். பனியன் துணி இழுபடும், மடிப்பு நிற்காது. பாப்ளின் வேண்டும் என்று முடிவுக்கு வந்திருக்கிறாள்.

கடல் ஏறிவருவதால் கார்தி சுக்துப் என்ற தீவிலிருந்து ஏறத்தாழ 300 குடும்பங்களை 2024 ஜூனில் கரையில் கட்டிய இஸ்பெர்யாலா என்ற குடியிருப்புக்கு மாற்றினார்கள். நண்பருடைய பெரிய மாமியார் அந்தத் தீவுக்காரர். போனில் விசாரித்தேன். வீடெல்லாம் ஒரே மாதிரி, வரிசையாக, கடல் கண்ணுக்குத் தெரியாது, சூடு தாங்கவில்லை என்று கிழவி திட்டிக்கொண்டே இருக்கிறாராம். வாசலில் வெளிச்சம் மட்டும் நன்றாக விழுகிறதாம், ஊசியில் நூல் கோக்கப் பேத்தியைக் கூப்பிடவேண்டியதில்லையாம்.